பல்கலைக்கழகத்துக்கு எந்த உள்ளடக்க மேலாண்மை அமைப்பு? ஒரு நூலகரின் கேள்விக்கு விரிவான பதில்

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இது: நடுத்தர அளவுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் துணை நூலகராக இருக்கிறீர்கள். ஆய்வேடுகள், பேராசிரியர்களின் கட்டுரைகள், பழைய வினாத்தாள்கள், பாடக் குறிப்புகள், சுற்றறிக்கைகள், தேர்வுப் பிரிவின் கோப்புகள் என அனைத்தையும் நிர்வகிக்க ஒரு மின் உள்ளடக்க மேலாண்மை அமைப்பைப் பரிந்துரைக்கும்படி துணைவேந்தர் அமைத்த குழு உங்களிடம் கேட்டிருக்கிறது. ஒரு நிறுவனம் செயல்விளக்கம் தர வருகிறது. கணினி மையத்தில் சிலர் இலவசமாகக் கிடைக்கும் களஞ்சிய மென்பொருளான டிஸ்பேஸே போதும் என்கிறார்கள். எது நல்லது, ஆறு மாதத்தில் முடியுமா என்று கேட்டுவிட்டுக் கடைசி வரியில் ஒன்றைச் சேர்த்திருக்கிறீர்கள்: முன்பு வாங்கிய அமைப்பு இரண்டே ஆண்டுகளில் கேட்பாரற்றுப் போனது. எனக்கு அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. இந்த முறை வைப்பது நிலைத்து நிற்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறீர்கள். பல்கலைக்கழக நூலகத்தின் மின் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். டிஸ்பேஸ், இணையதளம் நடத்த உதவும் ட்ரூபல் இரண்டையும் நேரடியாக நிர்வகித்திருக்கிறேன். வணிக மென்பொருள்களை வாங்கும் தரப்பில் உட்கார்ந்து மதிப்பிட்டிருக்கிறேனே தவிர, அவற்றை அன்றாடம் நடத்தியதில்லை. அவற்றைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வகை ஆவணத்துக்கும் யார் பொறுப்பு என்று எழுத்தில் தீர்மானமாகாதவரை எந்த மென்பொருளும் தங்காது. அது தீர்மானமாகிவிட்டால், ஒழுங்காகப் பராமரிக்கப்படும் எந்த மென்பொருளை வைத்தும் வேலையை நடத்திவிடலாம். உங்கள் குழுவின் பட்டியலையே பாருங்கள். சுற்றறிக்கைக்கு ஆயுள் சில வாரங்கள். அதை வெளியிடுவது பதிவாளர் அலுவலகம். ஆய்வேடு 50 ஆண்டுகள் கழித்தும் அதே முகவரியில், ஓர் எழுத்தும் மாறாமல் கிடைக்க வேண்டும். தேர்வுப் பிரிவின் கோப்புகள் உரிய அலுவலர்களைத் தவிர யார் கண்ணிலும் படக் கூடாது; குறித்த காலம் முடிந்ததும் விதிப்படி அழிக்கப்பட வேண்டும். பாடக் குறிப்புகள் பருவத்துக்குப் பருவம் மாறும். அந்த வகுப்பு மாணவர்கள் பார்த்தால் போதும். மாறிக்கொண்டே இருக்க வேண்டியது, மாறவே கூடாதது, அழித்தே ஆக வேண்டியது என்று இவை வெவ்வேறு இயல்புள்ளவை. இணையதளத்துக்கு ட்ரூபல், வேர்ட்பிரஸ்; நிலையான களஞ்சியத்துக்கு டிஸ்பேஸ், இ-பிரின்ட்ஸ்; கற்பித்தலுக்கு மூடுல்; அலுவலகக் கோப்புகளுக்கு ஆவண மேலாண்மை மென்பொருள் என்று துறையில் தனித்தனியாக வளர்ந்ததற்கு இதுதான் காரணம். எல்லாவற்றுக்கும் ஒரே தீர்வு என்று விற்க வருபவரின் பேச்சு குழுவுக்கு இனிக்கும். நடைமுறையில் அந்த ஒரே தீர்வு ஏதோ ஒரு வேலையை நன்றாகவும் மற்றவற்றை அரைகுறையாகவும் செய்வதைத்தான் பார்த்திருக்கிறேன். நூலகம் களஞ்சியத்தை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். மற்றவற்றை அவற்றுக்கு உரியவர்கள் நடத்தட்டும். பயனாளிக்கு எல்லா இடத்திலும் ஒரே கடவுச்சொல், ஓர் அமைப்பிலிருந்து மற்றொன்றுக்குச் சரியான இணைப்பு என்ற இரண்டை மட்டும் குழுவிடம் பொதுத் தேவையாக வலியுறுத்துங்கள். 'ஒரே இடம்' என்று அவர்கள் விரும்புவதில் பெரும்பகுதி அதிலேயே நிறைவேறிவிடும்.

களஞ்சியம் என்று வந்துவிட்டால் மென்பொருள் தேர்வு அவ்வளவு கடினமில்லை. இ-பிரின்ட்ஸ் 2000இல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. டிஸ்பேஸை எம்.ஐ.டி. நூலகமும் எச்.பி. நிறுவனமும் சேர்ந்து உருவாக்கி 2002இல் வெளியிட்டன. இரண்டுமே திறந்த மூல மென்பொருள்கள், அதாவது நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் முடிகிறவை. 20 ஆண்டுகளுக்கு மேலாக உலகமெங்கும் பல்கலைக்கழகங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. டிஸ்பேஸின் பயனர் கூட்டம் பெரியது என்பதால் சிக்கல் வந்தால் கேட்க ஆள் கிடைக்கும். அதை இயக்க ஜாவா, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், சோலர் தேடுபொறி, நோட்.ஜே.எஸ். ஆகியவை தெரிந்த ஒருவர் தேவை. உரிமக் கட்டணம் இல்லை என்பது உண்மை. செலவே இல்லை என்பது பொய். சர்வர், நிர்வாகி, பதிப்பு மேம்பாடு, ஸ்கேன் செய்யும் வேலை, விவரம் பதியும் வேலை எல்லாம் உங்கள் தலையில்தான் விழும். வணிக மென்பொருளில் இவற்றுள் முதல் மூன்றை நிறுவனம் எடுத்துக்கொள்ளும். கடைசி இரண்டும் அப்போதும் உங்களுடையவை. கணினி மையத்தில் நிலையான பணியாளர் ஒருவரின் நேரத்தில் பாதியாவது இதற்கு ஒதுக்கப்படும் என்று எழுத்தில் கிடைத்தால் டிஸ்பேஸை எடுங்கள். கிடைக்காது என்றால், யாராவது நடத்தித் தரும் சேவைக்குப் பணம் கொடுப்பதே நல்லது. டிஸ்பேஸையே அப்படி நடத்தித் தரும் சேவை நிறுவனங்களும் உண்டு. ஆள் இல்லாத இடத்தில் வைக்கப்படும் திறந்த மூல மென்பொருள் பாதுகாப்புத் திருத்தங்கள் போடப்படாமல் கிடந்து, ஒருநாள் ஊடுருவப்படும்.

இதில் ஒரு விஷயத்தை உறுதியாகச் சொல்ல முடியும்: இன்று எதை எடுத்தாலும் ஒருநாள் அதிலிருந்து வெளியேறத்தான் போகிறீர்கள். ட்ரூபலின் 7ஆம் பதிப்பு 2011 ஜனவரியில் வந்தது. 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு அதற்கான ஆதரவு முடிந்தது. அடுத்த பதிப்புக்குப் போக, தளத்தையே புதிதாகக் கட்டி உள்ளடக்கத்தை இடம்பெயர்க்க வேண்டியிருந்தது. டிஸ்பேஸ் 2021இல் 7ஆம் பதிப்பை வெளியிட்டபோது, அதுவரை இருந்த இரண்டு முகப்புகளையும் நீக்கிவிட்டு ஆங்குலர் என்ற நிரல் சட்டகத்தில் எழுதிய புதிய முகப்பைக் கொண்டுவந்தது. பழைய முகப்பில் ஆசை ஆசையாகச் செய்து வைத்திருந்த தனி வடிவமைப்புகள் எதுவும் அதில் ஓடவில்லை. அளவாகத் தனிப்பயன் செய்தவர்கள் மாறிவிட்டார்கள்; மூல நிரலையே கைவைத்து மாற்றியவர்கள் பழைய பதிப்பில் மாட்டிக்கொண்டார்கள். ஆகவே மென்பொருளை மதிப்பிடும்போது உள்ளே போடுவது எவ்வளவு எளிது என்று பார்ப்பதற்கு முன், வெளியே எடுப்பது எவ்வளவு எளிது என்று பாருங்கள். கோப்புகள், அவற்றின் விவரப் பதிவுகள், யார் எதைப் பார்க்கலாம் என்ற அனுமதிகள், நிரந்தர முகவரிகள் ஆகிய நான்கும் பொதுவான வடிவத்தில் வெளியே வர வேண்டும். "ஏற்றுமதி வசதி உண்டு" என்ற ஒரு வரி போதாது. 100 பதிவுகளை வெளியே எடுத்து, அதை வேறொரு மென்பொருளில் உங்கள் ஆட்களே ஏற்றிப் பார்த்த பிறகுதான் கடைசித் தவணை என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

செயல்விளக்கத்துக்கு வருபவர்கள் தங்கள் மாதிரிக் கோப்புகளோடு வருவார்கள். அவை எப்போதும் அழகாக இருக்கும். நீங்கள் உங்கள் கோப்புகளில் பத்தைக் கொடுங்கள், மோசமானவையாகப் பார்த்து: சாய்ந்து ஸ்கேன் ஆன பழைய ஆய்வேடு ஒன்று, கடவுச்சொல் போட்ட பி.டி.எஃப். ஒன்று, வரைபடங்களும் ஒலிப்பதிவும் சேர்ந்த ஒன்று, கட்டாயமாகத் தமிழில் எழுதிய ஆய்வேடுகள் இரண்டு. தமிழ்க் கோப்பில் ஒரு வரியை நகலெடுத்து வெற்றுப் பக்கத்தில் ஒட்டிப் பாருங்கள். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது என்றால் பொருளற்ற ரோமன் எழுத்துகள் வந்து விழும். யூனிகோடு எழுத்துருவாக இருந்தாலும் நிம்மதி கொள்ள முடியாது. திரையில் 'கொள்கை' என்று சரியாகத் தெரிவது, ஒட்டிய இடத்தில் 'ெகாள்ைக' என்று வருவது சாதாரணம். பி.டி.எஃப். கோப்பு எழுத்துகளை ஒலிப்பு வரிசையில் வைக்காமல், அச்சில் விழும் வரிசையில் வைத்துக்கொள்வதால் நேர்வது இது. தேடுபொறி பார்ப்பது ஒட்டிய இடத்தில் விழுந்ததைத்தான். 400 பக்க ஆய்வேடு களஞ்சியத்தில் இருந்தும், தேடினால் பல சொற்கள் அகப்படாது. இதற்கு எந்த மென்பொருளிலும் மந்திரம் கிடையாது. மாணவரிடம் பி.டி.எஃப். கோப்புடன் அது உருவான வேர்ட் அல்லது டெக் (கணித, அறிவியல் எழுத்துக்குப் பயன்படும் பக்க அமைப்பு மென்பொருள்) மூலக் கோப்பையும் வாங்கி, வெளியே காட்டாமல் உள்ளே வைத்துக்கொள்வது ஒன்றே எனக்குத் தெரிந்த நம்பகமான வழி. பிற்காலத்தில் உரையை மீட்க அது கைகொடுக்கும்.

எதிலிருந்து தொடங்குவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை: இந்த ஆண்டு சமர்ப்பிக்கப்படும் ஆய்வேடுகள். காரணம், அங்கே ஏற்கெனவே ஒரு வாசல் இருக்கிறது. மாணவர் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். பட்டம் அதைப் பொறுத்தது. பெற்றுக்கொள்ள ஓர் அலுவலகம் இருக்கிறது. 'வாய்மொழித் தேர்வுக்குப் பிந்தைய இறுதிப் பிரதி களஞ்சியத்தில் சேர்க்கப்பட்டதற்கான நூலகச் சான்று இல்லாமல் பட்டச் சான்றிதழ் வழங்கப்படாது' என்ற ஒரே ஒரு விதித் திருத்தம் போதும். அதன் பிறகு யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. முந்தைய அமைப்பு ஏன் சோர்ந்து போனது என்று விசாரித்துப் பாருங்கள். அதைப் பயன்படுத்தாமல் விட்டால் யாருடைய வேலையும் நிற்காது என்ற நிலை இருந்திருக்கும் என்பது என் ஊகம். எவருடைய அன்றாட வேலைக்கும் நடுவில் வராத அமைப்பு, தொடக்க விழாவின் உற்சாகம் தீர்ந்ததும் மறக்கப்பட்டுவிடும். இன்னொரு காரணமும் உண்டு, அது மனத்துக்கு நெருக்கமானது. ஒருவர் நான்கைந்து ஆண்டு உழைத்து எழுதிய ஆய்வேட்டுக்கு உலகில் இருப்பது சில பிரதிகள்தான். நூலகத்தில் இருக்கும் பிரதியைப் பூச்சி அரித்துவிட்டால் அந்த உழைப்பே இல்லாமல் போகிறது. அச்சிட்ட நூல் வேறு எங்காவது இருக்கும். ஆய்வேட்டுக்கு உங்கள் பல்கலைக்கழகம்தான் கடைசிப் புகலிடம்.

ஆய்வேடு வந்து சேரும் மேசையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம், ஏனென்றால் வெற்றியும் தோல்வியும் அங்கேதான். பென் டிரைவில் 14 கோப்புகள்: ஒவ்வோர் இயலும் தனித்தனியாக, 'இறுதி', 'இறுதி புதிது', 'இறுதி திருத்தியது' என்ற பெயர்களில். எது தேர்வாளர்கள் ஏற்றுக்கொண்டது என்று மாணவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அவரும் வேலை கிடைத்து வெளியூர் போகும் அவசரத்தில் இருப்பார். அதனால் மேசையில் வைத்தே அச்சுப் பிரதியோடு பக்க எண்களை ஒப்பிட்டு, ஒரே கோப்பாக்கி, பி.டி.எஃப்.-ஏ வடிவில் மாற்றி, மாணவரின் ஒப்புதல் கையொப்பத்தோடு வாங்க வேண்டும். பி.டி.எஃப்.-ஏ என்பது நெடுங்காலப் பாதுகாப்புக்காக 2005இல் ஐ.எஸ்.ஓ. தரமாக ஏற்கப்பட்ட வடிவம். எழுத்துருக்கள் கோப்புக்குள்ளேயே இருக்க வேண்டும், கடவுச்சொல் பூட்டு கூடாது என்று அது வற்புறுத்துகிறது. வழிகாட்டியின் கையொப்பம் உள்ள சான்றிதழ்ப் பக்கத்தை அப்படியே இணையத்தில் போட்டுவிடாதீர்கள். கையொப்பத்தை வெட்டி ஒட்ட வேறு யாருக்கும் நாம் வசதி செய்து தர வேண்டாம். பின்னிணைப்புகளையும் திறந்து பாருங்கள். மருத்துவம், உளவியல், சமூகவியல் ஆய்வேடுகளில் நேர்காணல் கொடுத்தவர்களின் பெயர், முகவரி, சில நேரம் நோயாளியின் புகைப்படம்கூட இருக்கும். அலமாரியில் இருந்தவரை அதைப் பார்த்தவர்கள் மிகச் சிலர். இணையத்தில் ஏறியதும் நிலைமை வேறு.

விவரப் பதிவில்தான் பெரும்பாலானோர் ஆர்வக் கோளாறால் தவறுகிறார்கள். 1995இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டப்ளின் என்ற ஊரில் நடந்த பயிலரங்கிலிருந்து வளர்ந்த டப்ளின் கோர் தரத்தில் அடிப்படைக் கூறுகள் 15தான். அதற்கு மேல் 40 கட்டங்கள் கொண்ட படிவத்தைக் குழு வடிவமைக்கும். பதிபவர்கள் மூன்றாவது வாரத்தில் பாதியைக் காலியாக விடத் தொடங்குவார்கள். தலைப்பு, ஆசிரியர், வழிகாட்டி, துறை, ஆண்டு, மொழி, சுருக்கம், பொருட்சொற்கள், உரிமை நிலை ஆகியவை சரியாக இருந்தாலே ஆய்வேட்டுக்குப் போதும். ஆனால் இவற்றில் பெயரைப் பற்றி மட்டும் சமரசம் செய்துகொள்ளாதீர்கள். ஒரே வழிகாட்டி ஒரு பதிவில் 'கு. செல்வராஜ்', இன்னொன்றில் 'செல்வராஜ் கு.', வேறொன்றில் 'செல்வராசு' என்று இருந்தால், அவரிடம் ஆய்வு செய்தவர்களின் பட்டியல் மூன்றாக உடையும். ஆங்கில எழுத்துக்கூட்டல்களையும் சேர்த்தால் ஏழெட்டாகும். பதியத் தொடங்குவதற்கு முன்பே வழிகாட்டிகளின் பெயர்ப் பட்டியலை ஒரு முறை தீர்மானித்து, தட்டச்சு செய்ய விடாமல் தேர்வு செய்ய மட்டும் விடுங்கள். பணியில் இருப்பவர்களுக்கு, ஆய்வாளர்களுக்கென்று தரப்படும் ஆர்சிட் எண்ணைச் சேர்த்துவிடுங்கள். 2012இல் நடைமுறைக்கு வந்த அந்த 16 இட அடையாளம், பெயர் எப்படி எழுதப்பட்டாலும் ஆளை மாற்றாது. ஓய்வு பெற்றவர்களுக்கும் மறைந்தவர்களுக்கும் நூலகத்தின் சொந்தப் பட்டியல்தான் துணை. இந்த வேலை சலிப்பானது. பின்னால் திருத்துவது இதைவிடப் பல மடங்கு சலிப்பானது.

நிரந்தர முகவரியை முதல் நாளே அமைத்துவிடுங்கள். டிஸ்பேஸ் தொடக்கத்திலிருந்தே ஹேண்டில் என்ற அடையாள முறையைப் பயன்படுத்துகிறது, ஆய்வுக் கட்டுரைகளுக்குத் தரப்படும் டி.ஓ.ஐ. என்ற நிரந்தர அடையாள எண்களும் அதே ஹேண்டில் தொழில்நுட்பத்தின் மேல் எழுந்தவைதான். சர்வர் மாறலாம், மென்பொருள் மாறலாம், பல்கலைக்கழகத்தின் இணையப் பெயரே மாறலாம். இந்த அடையாளத்தை மேற்கோளில் கொடுத்தவரின் இணைப்பு உடையாது, நாம் மறுபக்கத்தில் புதுப்பித்துக்கொண்டே இருக்கும்வரை. மற்ற களஞ்சியங்களும் திரட்டிகளும் நம் விவரங்களை எடுத்துக்கொள்ள ஓ.ஏ.ஐ.-பி.எம்.எச். என்ற நெறிமுறை உண்டு, அதன் 2.0 பதிப்பு 2002 முதல் புழக்கத்தில் இருக்கிறது. எந்த மென்பொருளை வாங்கினாலும் இதற்கான ஆதரவு இருக்க வேண்டும். ஆய்வு நூல்களையும் கட்டுரைகளையும் தேடும் கூகுள் ஸ்காலருக்கு இது போதாது. கட்டுரை விவரங்களுக்கென்றே உள்ள தனிக் குறிச்சொற்களை அது எதிர்பார்க்கிறது. வேறு வழி இல்லாவிட்டால் மட்டும் டப்ளின் கோர் குறிச்சொற்களைப் பயன்படுத்துங்கள் என்பது அதன் வழிகாட்டுதல். டிஸ்பேஸும் இ-பிரின்ட்ஸும் இதைத் தாமாகவே செய்கின்றன. தனியாக எழுதித் தரும் மென்பொருள்களில் பெரும்பாலும் இது விடுபட்டுப் போகும். கேட்டு உறுதி செய்யுங்கள்.

பேராசிரியர்களின் கட்டுரைகள் வேறு கதை. இங்கே நான் சொல்வதில் பாதி அனுபவம், பாதி கருத்து. தாமாக முன்வந்து பதிவேற்றுவார்கள் என்று நம்பித் தொடங்கிய களஞ்சியங்கள் பல நாடுகளிலும் காலியாகவே கிடந்தன. 2005இல் வெளியான ராச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, பேராசிரியர்களின் வேலை முறையைப் பக்கத்தில் இருந்து கவனித்தது. நூலகர்கள் பெருமையோடு பேசும் களஞ்சியம் தங்களுடைய எந்தத் தேவைக்கு உதவுகிறது என்பதே பேராசிரியர்களுக்குப் புரியவில்லை என்பதை அது காட்டியது. அவர்களுக்கு வேண்டியது எழுதுவதற்கும் படிப்பதற்கும் நேரம். இன்னொரு படிவம் வேண்டியதில்லை. சில பல்கலைக்கழகங்கள் விதி மூலம் இதைச் சமாளித்தன. குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2004இலேயே பல்கலைக்கழகம் முழுவதற்கும் பதிவேற்றத்தைக் கட்டாயமாக்கியது. ஹார்வர்டின் கலை, அறிவியல் புலம் 2008 பிப்ரவரியில், விலக்குக் கேட்கும் உரிமையுடன், ஒருமனதாக வாக்களித்து ஏற்றது. கவனியுங்கள், அங்கே தீர்மானம் போட்டது ஆசிரியர் அவை. நூலகமோ கணினி மையமோ பிறப்பிக்கும் ஆணைக்கு அந்த எடை கிடையாது. உங்கள் இடத்தில் விதி வரும்வரை நூலகமே அவர்களுக்காகப் பதிவேற்றட்டும். டி.ஓ.ஐ. எண்ணைக் கொடுத்தால் கட்டுரையின் விவரங்கள் தாமாக நிரம்பும் வசதி இப்போது சாதாரணம்; பேராசிரியர் ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் போதும் என்ற நிலையை உருவாக்குங்கள். களஞ்சியத்தில் உள்ள விவரத்திலிருந்தே அவருடைய துறைப் பக்கத்தின் வெளியீட்டுப் பட்டியலும் ஆண்டறிக்கைப் பட்டியலும் தாமாக வந்துவிடும்படி செய்தால், அடுத்த ஆண்டு அவரே உங்களைத் தேடி வருவார்.

ஒன்றை மட்டும் வாக்குறுதியாகக் கொடுக்காதீர்கள்: 'களஞ்சியத்தில் போட்டால் உங்கள் மேற்கோள் எண்ணிக்கை கூடும்' என்பது. யாரும் கட்டணமின்றிப் படிக்க வைக்கும் திறந்த அணுக்கத்தால் மேற்கோள் கூடுகிறது என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. நல்ல கட்டுரைகளையே ஆசிரியர்கள் தேர்ந்தெடுத்துத் திறந்து வைப்பதால் அப்படித் தோன்றுகிறது என்று மறுக்கும் ஆய்வுகளும் உண்டு. இது தீர்ந்த விவாதம் ஆகவில்லை. பதிவிறக்க எண்ணிக்கையையும் நம்பிப் பேசாதீர்கள். தானியங்கி நிரல்கள் களஞ்சியங்களை ஓயாமல் துழாவிக்கொண்டிருக்கும் காலம் இது. அவற்றை வடிகட்டாத எண்ணிக்கையால் பயனில்லை.

உரிமைச் சிக்கலில் நான் வழக்கறிஞர் அல்ல. சட்டமும் நாட்டுக்கு நாடு வேறுபடும். பொதுவான நடைமுறையை மட்டும் சொல்கிறேன். இதழில் அச்சான வடிவத்தின் உரிமை பெரும்பாலும் பதிப்பாளரிடம் இருக்கும். மதிப்பாய்வு முடிந்து ஏற்கப்பட்ட, ஆனால் பதிப்பாளர் பக்கம் அமைக்காத ஆசிரியரின் கைப்படியை, சில மாதக் காத்திருப்புக்குப் பின் களஞ்சியத்தில் வைக்கப் பல பதிப்பாளர்கள் அனுமதிக்கிறார்கள். இதழ்வாரியான நிபந்தனைகளை ஷெர்பா ரோமியோ என்ற பெயரில் அறியப்பட்ட இணையப் பட்டியலில் பார்க்கலாம். ஆய்வேட்டுக்கு மாணவரின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை (பேடன்ட்) கேட்டு விண்ணப்பிக்கப்போகிறவரும், ஆய்வேட்டை நூலாக்கப்போகிறவரும் தாமதம் கேட்டால் கொடுங்கள்; முழு உரையை மூடிவைத்து விவரத்தை மட்டும் காட்டலாம். யாராவது ஆட்சேபம் எழுப்பினால் எத்தனை நாளில், யார், எப்படி நீக்குவது என்ற நடைமுறையைத் திறப்பு விழாவுக்கு முன்பே பல்கலைக்கழக வழக்கறிஞர் பார்வையிட்டு ஒப்புதல் தர வேண்டும். முதல் ஆட்சேபம் வந்த பிறகு எழுதத் தொடங்கினால் பயத்தில் எல்லாவற்றையும் மூடிவிடுவார்கள்.

பழைய ஆய்வேடுகளை ஸ்கேன் செய்வதைப் பற்றி ஒரு கணக்கு. ஏ4 பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில் வண்ணத்தில் எடுத்தால் 2,480க்கு 3,508 புள்ளிகள். சுருக்காமல் வைத்தால் ஒரு பக்கத்துக்குச் சுமார் 26 எம்.பி. 250 பக்க ஆய்வேடு ஒன்று 6.5 ஜி.பி. ஆகும். 2,000 ஆய்வேடுகள் என்றால் 13 டி.பி., அதுவும் ஒரே பிரதிக்கு. கறுப்பு வெள்ளைத் தட்டச்சுப் பக்கங்களைச் சாம்பல் நிறச் சாயலில் எடுத்தால் இது மூன்றில் ஒரு பங்காகும். பெரும்பாலான பக்கங்களுக்கு அதுவே போதும் என்பது என் கருத்து. மூலப் படங்களைத் தனியாகப் பாதுகாத்து, வாசகருக்கு, படத்தில் உள்ள எழுத்தை உரையாக்கும் எழுத்துணரி மூலம் உரை சேர்த்துச் சுருக்கிய சிறு கோப்பைக் கொடுங்கள். கூகுள் ஸ்காலர் 5 எம்.பி.க்குள் இருக்கும் கோப்புகளையே எதிர்பார்க்கிறது என்பதையும் மனத்தில் வையுங்கள். ஸ்கேன் வேலையை வெளியே கொடுத்தால், வரும் ஒவ்வொரு தொகுதியிலும் சிலவற்றை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டிச் சரிபார்க்க உங்கள் ஆள் ஒருவர் இருக்க வேண்டும். விடுபட்ட பக்கம் பணம் கொடுத்த பிறகுதான் தெரியவரும்.

காப்புப் பிரதிகள் எல்லோரும் எடுக்கிறார்கள். மீட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு கட்டடத்தில் என்பது பழைய விதி. அந்த ஒன்று வலைப்பின்னலோடு தொடர்பில்லாமலும் இருக்கட்டும். ஒவ்வொரு கோப்புக்கும் உள்ளே வரும்போதே செக்சம் எனப்படும் சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு வைத்து, குறித்த இடைவெளியில் மீண்டும் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். டிஸ்பேஸில் இதற்கான வசதி உள்ளேயே இருக்கிறது. ஒரு பிட் பிசகினாலும் எண் மாறிவிடும். பிரிட்டிஷ் நூலகம் 2023 அக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு உள்ளானது. அதன் முதன்மைப் பட்டியல், தேடிப் பார்க்க மட்டும் முடிகிற வடிவில், 2024 ஜனவரியில்தான் இணையத்துக்குத் திரும்பியது. அவர்களிடம் மின் சேகரங்களின் பத்திரமான பிரதிகள் இருந்தன. பழைய சர்வர்களும் பழைய மென்பொருள்களும் உருக்குலைந்து போனதால், அந்தப் பிரதிகளை மீட்டு வைக்கப் பொருத்தமான இடம்தான் இல்லாமல் போனது. இதை அந்த நூலகமே தன் அறிக்கையில் வெளிப்படையாகச் சொன்னது. ஆண்டுக்கு ஒரு முறையாவது வெறும் சர்வர் ஒன்றில் முழுக் களஞ்சியத்தையும் காப்புப் பிரதியிலிருந்து எழுப்பிப் பாருங்கள். எத்தனை மணி நேரம் ஆனது என்று எழுதிவையுங்கள்.

ஆறு மாதத்தில் முடியுமா என்ற கேள்விக்கு வருகிறேன். எதை முடிப்பது என்பதைப் பொறுத்தது. விதித் திருத்தம் கல்விப் பேரவையில் நிறைவேறி, சர்வர் கைக்கு வந்து, பெயர்ப் பட்டியல் தயாராகிவிட்டால், நடப்பு ஆண்டின் ஆய்வேடுகளை உள்ளே வாங்கும் அமைப்பை ஆறு மாதத்தில் ஓடவிடலாம். மென்பொருளை நிறுவ ஆகும் நாட்கள் இதில் மிகச் சிறிய பகுதி. விதித் திருத்தம்தான் இழுக்கும், அதனால் அதை முதல் மாதமே கோப்பில் ஏற்றுங்கள். பழைய ஆய்வேடுகளுக்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். அதில் அதிகம் கேட்கப்படுபவை, தாள் நொறுங்கத் தொடங்கியவை என்ற வரிசையில் போகலாம். பேராசிரியர் கட்டுரைகளை இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளுங்கள். வினாத்தாள்களை இடையில் எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம். அவை எளிதானவை, மாணவர்கள் அவற்றுக்காகவே தளத்துக்கு வருவார்கள்.

குழுவுக்கு அனுப்பும் குறிப்பில் மென்பொருளின் பெயருக்கு முன்னால் இரண்டு பணியிடங்களைக் கேளுங்கள்: விவரப் பதிவு அறிந்த நூலகர் ஒருவர் முழு நேரத்துக்கு, கணினி மையத்திலிருந்து நிர்வாகி ஒருவர் குறைந்தது பாதி நேரத்துக்கு. இருவரும் நிலையான பணியாளர்களாக இருக்க வேண்டும். திட்ட நிதியில் ஒப்பந்தத்துக்கு எடுத்தவர்கள் திறமைசாலிகளாகவே இருப்பார்கள். நிதி முடியும் மாதத்தில் கடவுச்சொற்களும் நடைமுறை அறிவும் அவர்களோடு போய்விடும். பணியிடங்களைக் கொடுக்க முடியாது, மென்பொருள் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தால், வாங்காமல் இருப்பதே நல்லது என்று எழுத்தில் சொல்லிவிட்டு, வரும் ஆய்வேடுகளை மூலக் கோப்போடு சேர்த்து, செக்சம் எண்ணிட்டு, ஓர் எளிய அட்டவணையில் விவரம் பதிந்து, இரண்டு தனித்தனி வட்டுகளில் சேமிக்கத் தொடங்குங்கள். பின்னால் எந்த மென்பொருள் வந்தாலும் அந்த அட்டவணையை அப்படியே உள்ளே ஏற்றிவிடலாம்.